உடலியங்கியலும் நம் பிள்ளைகளும்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எமக்கு அளித்த தலைப்பு ‘உயர்கல்வியும் நம் இளைஞரும்’ என்பதாகும். இத்தலைப்பில் எதையும் பேசலாம். எதையும் பேசாமலும் அமரலாம். ஆகவே, அதிலிருந்து ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டுள்ளோம். உடலியங்கியல் என்னும் பாடத்தைச் சிறப்பு நிலையில், அதாவது ஆனர்சு நிலையில் கற்று, அதன் வழியே மருத்துவ ஆராய்ச்சிக்குச் செல்லுதல் பற்றியே இன்று பேச வந்துள்ளோம். வரலாறு படித்துப் பி.ஏ., பி.எட். பட்டம் பெற்ற ஒருவருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். எண்ணுவதில் தவறில்லை. எம் பள்ளியின் உயிரியல் ஆசிரியரிடம் மாலைப் பொழுதுகளில் மாணவரைப் போல அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையே இங்குக் கூறுகின்றோம்.

இவ்வாறு கேட்டு அறிய நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஆறாண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் மேனிலை வகுப்பு முடித்த ஒரு பெண், உயிரியலில் முதலிடம் பெற்றவள். நீட் தேர்வில் போதிய மதிப்பெண் கிடைக்கவில்லை. தந்தை செங்கற் சூளையில் வேலை செய்பவர். இரண்டாம் முறை எழுதப் பயிற்சிக்குப் பணம் கட்ட அவரால் இயலவில்லை. தலைமையாசிரியர் அறைக்குத் தந்தையும் மகளும் வந்து நின்றனர். நாம் ஆறுதலாகப் பேசுவதாக எண்ணிக்கொண்டு, “பி.காம். சேர்ந்துவிடு அம்மா, வங்கித் தேர்வு எழுதலாம்” என்றோம். அவள் சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, “ஐயா, டாக்டர் ஆகாதவங்க உடம்பைப் பத்திப் படிக்கவே கூடாதா?” என்று கேட்டாள். எமக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லும் துணிவும் அப்போது வரவில்லை. “அதெல்லாம் எதற்கு?” என்று கூறி அனுப்பிவிட்டோம். அந்தக் கேள்விக்கு உரிய விடையைத்தான் இத்தனை ஆண்டு கழித்து இம்மேடையில் சொல்கின்றோம்.

உடலின் உறுப்புகள் எங்கே உள்ளன, எவ்வாறு அமைந்துள்ளன என்று கூறுவது உடற்கூறியல். அவை எவ்வாறு வேலை செய்கின்றன என்று கூறுவது உடலியங்கியல். ஆங்கிலத்தில் பிசியாலஜி என்பர். மோட்டார் பம்பு செட்டின் பாகங்களை வரிசையாகப் பெயர் சொல்லும் ஒருவனும், தண்ணீர் ஏறாதபோது காது கொடுத்துக் கேட்டு இன்ன இடத்தில் கோளாறு என்று சொல்லும் ஒருவனும் ஒன்றல்லர் அல்லவா? அவ்வேறுபாடே இங்கும் உண்டு. இதயம் ஏன் தானாகத் துடிக்கிறது, வெயிலில் கல் உடைப்பவனின் உடல் எவ்வாறு தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது, நரம்பு எவ்வாறு செய்தி கொண்டு செல்கிறது என்பன இப்பாடத்தின் வினாக்கள். 1901 முதல் வழங்கப்பட்டுவரும் நோபல் பரிசை நாம் மருத்துவப் பரிசு என்று சுருக்கிச் சொல்கின்றோம். அதன் முழுப் பெயர் ‘உடலியங்கியல் அல்லது மருத்துவம்’ என்பதாகும். உடலியங்கியலே முன்னால் நிற்கிறது.

இப்பாடத்தால் ஏழை மக்களுக்கு என்ன பயன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். நம் பாட்டன் காலத்தில் காலரா வந்தால் தெருவே காலியாகும். நோயாளியின் உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறிச் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். தண்ணீர் கொடுத்தாலும் குடல் அதனை ஏற்காது. கல்கத்தாவில் ஆய்வு செய்த சம்புநாத் தே என்பவர், காலராக் கிருமி வெளிவிடும் நஞ்சே குடலிலிருந்து நீரை இழுத்து வெளியேற்றுகிறது என்பதை முயலின் குடலைக் கொண்டு சோதித்து 1959இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு, 1960இல், இராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்க அறிஞர் பிராகு நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் வேறொன்றைக் கூறினார். குடலின் உட்சுவரில் உள்ள உயிரணுக்களில் ஒரு வாயில் உண்டு. உப்பும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால் அவ்வாயில் இரண்டையும் உள்ளே விடும். அவற்றின் பின்னே நீரும் செல்லும். இந்தக் கிரேன் மருத்துவர் அல்லர். உயிர்வேதியியல் கற்று ஆய்வுப் பட்டம் பெற்றவர். காலரா நஞ்சு இந்த வாயிலை அடைப்பதில்லை என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று.

1971இல் வங்காளதேசப் போரின்போது அகதிகள் இலட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்தனர். போன்கான் என்னும் ஊரின் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் நீர்மப் புட்டிகள் தீர்ந்துவிட்டன. திலீப் மகலனோபிசு என்னும் மருத்துவர் உப்பு, சர்க்கரை, சோடா மாவு ஆகியவற்றைக் கணக்காகக் கலந்து, பீப்பாய்களில் நீருடன் கரைத்து, உறவினரைக் கொண்டே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு நூற்றுக்கு நான்கினும் குறைந்தது. இன்று நம் அங்கன்வாடியில் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அதன் வழிவந்ததே. தாய்மார்களே, நீங்கள் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் அந்தப் பொடிக்குள் குடலின் ஒரு வாயிலைப் பற்றிய உடலியங்கியல் அறிவு அடங்கியிருக்கிறது.

குடலும் தண்ணீரும் என்று சொல்லிய பின், நம் மாவட்டத்து வேங்கைவயலைக் கூறாமல் செல்ல இயலாது. 2022ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கு நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. எவ்வாறு தெரியவந்தது? குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்றனர். பார்த்த மருத்துவர், குடிக்கும் தண்ணீரைச் சோதியுங்கள் என்றார். மக்கள் தொட்டியில் ஏறிப் பார்த்தனர். குற்றமும் வழக்கும் ஒருபுறம் இருக்கட்டும். அவை பற்றிப் பேச இம்மேடையில் வேறு பேச்சாளர்கள் உள்ளனர். குழந்தையின் வயிற்றிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை ஒரு கேள்வியைக் கொண்டு சென்ற அந்த அறிவை மட்டுமே இங்குச் சுட்டுகின்றோம். அந்த அறிவு நம் தெருவிலேயே இருக்க வேண்டாமா?

இன்னொரு வரலாற்றையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஜான் ஸ்காட் ஆல்டேன் என்றோர் உடலியங்கியல் அறிஞர் இருந்தார். மாளிகைகளில் இருந்தோரின் உடலை விட்டுவிட்டு, நிலக்கரிச் சுரங்கத்தில் இறந்த கூலியாட்களின் உடலை ஆராய்ந்தார். சுரங்க வெடிப்புகளில் பெரும்பாலோர் வெடியால் இறக்கவில்லை, அதன் பின் பரவும் கார்பன் மோனாக்சைடு வளியாலேயே இறந்தனர் என்று 1896இல் அறிக்கை அளித்தார். அந்த வளியைத் தாமே மூச்சிழுத்து, தம் உடலில் என்ன நேர்கிறது என்று குறிப்பெடுத்தவர் அவர். சிறு பறவைகளைச் சுரங்கத்துக்குள் கொண்டு செல்லுமாறு கூறியவரும் அவரே; மனிதன் மயங்குமுன் பறவை மயங்கிவிழும், ஆட்கள் வெளியேறிவிடலாம். நகரக் கழிவுக் கால்வாய்களின் காற்றையும் இறங்கி ஆராய்ந்தார். அவருடைய மகன் ஜே.பி.எஸ். ஆல்டேனும் பேரறிஞர், 1957இல் இந்தியாவுக்கு வந்து, இந்நாட்டுக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார்.

கழிவுக் கால்வாய் என்றதும் உங்கள் மனத்தில் எழுவது என்னவென்று நாம் அறிவோம். மலக்குழியில் இறங்கி இறப்போர் எந்தச் சமுதாயத்தார் என்று இவ்வவையில் விளக்க வேண்டியதில்லை. ஒருவன் இறங்குவான், விழுவான். அவனைத் தூக்க இறங்கும் தம்பியும் விழுவான். ‘குடித்துவிட்டு இறங்கினான்’ என்று அடுத்த நாள் பேசுவார்கள். உடலியங்கியல் சொல்வது வேறு. குழியில் உள்ள ஹைட்ரஜன் சல்பைடு வளி முதலில் அழுகிய முட்டை நாற்றமாகத் தெரியும். அளவு மிகும்போது அது மூக்கின் மோப்ப நரம்பையே செயலிழக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று எண்ணுகின்ற அந்த நொடியிலேதான் பேராபத்து. உயிரணுக்கள் உயிர்வளியைப் பயன்படுத்தும் இடத்தையே அவ்வளி தடுக்கிறது. சில மூச்சில் மனிதன் சாய்கிறான். இறங்கியவனுடைய குற்றம் இதில் ஏதும் இல்லை.

இதற்குத் தீர்வு ஆராய்ச்சி என்று நாம் சொல்லவில்லை. இவ்வேலையே ஒழிய வேண்டும். 1993இலும் 2013இலும் சட்டம் இயற்றப்பட்டது. இறந்தோர் குடும்பத்துக்கு இழப்பீடு முப்பது இலட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் கூறியது. சட்டத்தை நிறைவேற்றுவதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஆயினும், இறந்தவன் மீது பழி சுமத்தப்படும்போது எழுந்து நின்று ‘அவன் உடலுக்கு நேர்ந்தது இது’ என்று சான்றோடு கூற ஒருவர் வேண்டும். அவர் நம்மில் ஒருவராய் இருந்தால் என்ன?

குழி மட்டுமா? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தச் சோகை உடையோர் என்று 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ஏன் குறையவில்லை? உணவா, கொக்கிப்புழுவா, மாத்திரையைக் குடல் ஏற்காமையா, வேலையின் கடுமையா? வெயிலில் நாள் முழுதும் நாற்று நடும் கருவுற்ற பெண்ணின் உடல் எவ்வளவு தாங்கும்? இவற்றை ஆராய்வோர் நாட்டில் உள்ளனர். நல்லோர் பலர் உள்ளனர். எனினும், அந்த வரப்பில் நின்ற தாயின் மகள் கேட்கும் கேள்வி வேறுவிதமாக இருக்கும் என்று நாம் உறுதியாக நம்புகின்றோம்.

மருத்துவ அறிவு நமக்குப் புதிதன்று. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். நம் பாட்டிமார் பல தெருக்களுக்கும் பிரசவம் பார்த்தவர்கள். பிள்ளையைக் கையில் வாங்கும்வரை தீட்டில்லை, அதன்பின் வாசல் தாண்டக் கூடாது என்ற கொடுமையையும் கண்டவர்கள்.

இந்தப் புதுக்கோட்டை மண்ணில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரையும் இளைஞர் மறக்கக் கூடாது. பெண் என்பதாலும் தாயின் குலத்தாலும் எதிர்ப்புக்கு ஆளான அவரை, இன்று மாமன்னர் கல்லூரி எனப்படும் மகாராஜா கல்லூரியில் சேர்க்க மன்னர் இசைவு அளித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அத்துயரம், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. அது மருத்துவம் பார்ப்பதோடு நில்லாமல் ஆராய்ச்சியும் செய்யும் இடமாயிற்று.

மதிப்பெண்ணைக் கண்டு மனம் ஒடிவோருக்கு எல்லாப்பிரகட சுப்பாராவின் வாழ்க்கையைச் சொல்லலாம். ஆந்திர நாட்டில் 1895இல் பிறந்தவர். மெட்ரிகுலேசன் தேர்வில் இருமுறை தோற்று மூன்றாம் முறை சென்னையில் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியமையால் ஆசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் மறுக்கப்பட்டு, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பெற்றார். அமெரிக்கா சென்று, மருத்துவமனையில் கடைநிலை வேலை பார்த்துக்கொண்டே ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். தசை சுருங்கும்போது செலவாகும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற வினாவில் பிசுகே என்பாருடன் சேர்ந்து பெருங் கண்டுபிடிப்புகளைச் செய்தார். 1930இல் பி.எச்டி. பெற்றார். பின்னர் இலெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழுவே யானைக்கால் நோய்க்கான மாத்திரையை 1947இல் உலகுக்கு அளித்தது. நம் ஊர்களில் வீடு வீடாக வந்து கண் முன்னே விழுங்கச் சொல்லிக் கொடுத்தார்களே, அந்த டி.இ.சி. மாத்திரைதான். விழுங்காமல் வாசலில் எறிந்தோரும் இவ்வவையில் உண்டு என்று நினைக்கின்றோம்.

இனி வழியைப் பற்றிக் கூறுவோம். உண்மையைச் சொன்னால், உடலியங்கியலைத் தனிப் பாடமாக எடுத்து இளநிலை ஆனர்சு படிக்கும் வாய்ப்பு வங்காளத்தில்தான் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரிகளில் இது நடைபெறுகிறது. இரத்தம், இதயம், மூச்சு, நரம்பு, நாளமில்லாச் சுரப்பிகள், உணவூட்டம், புள்ளியியல் என விரிந்த படிப்பு. ஆனர்சு என்றால் கூடுதல் மதிப்பெண் என்று பொருளன்று; ஒரே பாடத்தில் ஆழமாக இறங்குதல் என்பதே பொருள். செய்முறைக் கூடத்தில் சிவப்பணுக்களைக் கண்ணால் எண்ணி, தானே எடுத்த அளவு ஏன் நேற்றைய அளவோடு ஒத்துவரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பழக்கம் ஆராய்ச்சிக்கு முதற்படி. எழுதி மனப்பாடம் செய்து தேறும் நம் பள்ளிப் பழக்கம் அங்குச் செல்லாது. இதில் எம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

அவ்வளவு தொலைவு செல்ல இயலாதோருக்கு உள்ளூரிலேயே வாயில் உண்டு. மாமன்னர் கல்லூரியில் விலங்கியலோ வேறு கல்லூரியில் உயிர்வேதியியலோ படித்துவிட்டு, திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் உயிரிமருத்துவ அறிவியல் துறையை நாடலாம். சென்னைத் தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் உடலியங்கியலுக்கென்றே துறை இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2023இல் மருத்துவ அறிவியலும் பொறியியலும் சேர்ந்த நான்காண்டுப் பட்டப்படிப்பு தொடங்கியது. அதற்கு நீட் தேர்வு இல்லை, ஐசர் நிறுவனங்கள் நடத்தும் திறனறித் தேர்வு. அதில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்குக்கும் சமமான வினாக்கள். தில்லிப் பல்கலைக்கழகத்தில் 1991இல் தொடங்கிய உயிரிமருத்துவ ஆராய்ச்சி மையம் ஒன்று உண்டு. அதன் பெயர் டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் உயிரிமருத்துவ ஆராய்ச்சி மையம். ஊர்தோறும் அவர் சிலையை வைத்துள்ளோம்; அவர் பெயரால் அமைந்த ஆய்வுக்கூடத்துக்கு நம் மாவட்டத்துப் பிள்ளை ஒருவர் சென்றால் அவருக்கு அதுவும் ஒரு மாலையாகும்.

சில எச்சரிக்கைகளும் சொல்லியாக வேண்டும். உடலியங்கியல் பட்டம் பெற்றவர் நோயாளிக்கு மருந்து எழுத முடியாது. ‘டாக்டர்’ பலகை மாட்டி ஊசி போட எண்ணுவோர் இப்பக்கம் வர வேண்டா. மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியப் பணி உண்டு; ஆனால், மருத்துவப் பட்டம் இல்லாதோரை அமர்த்தும் விதிகள் அடிக்கடி மாறுவதால் அதை மட்டும் நம்பி இறங்குவது அறிவுடைமை ஆகாது. முனைவர் பட்டம் வரை பல ஆண்டுகள் ஆகும். ஆய்வுக்கூடங்களில் சாதி இல்லை என்றும் நாம் பொய் சொல்ல மாட்டோம். நூலகத்திலும் விடுதியிலும் அது வேறு சட்டை அணிந்து நிற்கும். தனியே நின்று தாங்காமல் வீட்டுக்கும் நமக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். அரியலூர் மாவட்டத்துச் செல்வி அனிதாவை 2017இல் இழந்தோம். பன்னிரண்டாம் வகுப்பில் 1,200க்கு 1,176 பெற்ற பிள்ளை. ஒரே வாசல்தான் உண்டு என்று நம் பிள்ளைகளை நம்பவைத்ததில் நாட்டின் தேர்வு முறைக்கு உள்ள பங்கு பெரிது. வேறு வாசல்களைக் காட்டாமல் இருந்த எம் போன்றோருக்கும் சிறிது பங்கு உண்டு.

பணம் பற்றிப் பேசாமல் இருந்தால் இவ்வுரை காற்றில் போகும். முதுநிலை வரை போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அதற்குப் பின் தேசிய தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என உயர்த்தப்பட்டது. ஆதிதிராவிட மாணவருக்கென்றே தேசிய ஆய்வு உதவித்தொகையும் 2005-06 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே, ஆய்வுப் படிப்புக்குப் பணம் இல்லை என்பது முழு உண்மையன்று. இடர்ப்பாடு அதற்கு முந்திய ஐந்தாண்டுகளில் இருக்கிறது. உதவித்தொகை தாமதமாக வரும். விடுதிக் கட்டணம் தாமதிக்காது. அந்த இடைவெளியில்தான் நம் பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டுக் கிடைத்த வேலைக்குச் செல்கின்றனர்.

சங்கத்தாருக்கு உரிமையோடு ஒன்று கூறுகின்றோம். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் முதல் மூவருக்குப் பரிசும் பொன்னாடையும் அளித்து வருகின்றோம். நல்ல பணி. ஆனால், அதற்குப் பின் அவர்கள் எங்கே சென்றனர் என்ற பதிவேடு நம்மிடம் இல்லை. விழா மலருக்காகத் தேடியபோது பாதிப் பேரின் இருப்பிடமே தெரியவில்லை. பொன்னாடையை நிறுத்திவிட்டு, அப்பணத்தைக் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவரின் விடுதிக் கட்டணத்துக்கு, உதவித்தொகை வரும்வரை கைமாற்றாக அளிக்கலாம். உதவித்தொகை வந்ததும் அவர் திருப்பித் தரட்டும், அடுத்தவருக்கு உதவும். பொதுக்குழுவில் இதனை முன்மொழிய உள்ளோம். பொன்னாடை வேண்டும் என்போர் எதிர்த்துப் பேசலாம்.

அந்தப் பெண் இப்போது திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறாள். நல்ல ஊதியம், குடும்பத்தைத் தாங்குகிறாள். அவளிடம் இந்த விடையைச் சென்ற மாதம் தொலைபேசியில் கூறினோம். “இதை அப்பவே சொல்லியிருக்கலாமே ஐயா” என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. அவளுடைய தம்பி நம் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். அதோ, பின் வரிசையில் தூண் ஓரமாக அமர்ந்திருக்கிறான். கணிதம் கடினமாக இருக்கிறது, அதை விட்டு வேறு பிரிவுக்கு மாறலாமா என்று முன்பொரு நாள் எம்மிடம் கேட்டான். மாற வேண்டா, தம்பி. உன் கணித ஆசிரியரிடம் பேசிவிட்டோம். வரும் திங்கள் முதல் மாலை ஐந்து மணிக்கு அவர் உனக்காகப் பள்ளியில் இருப்பார். விருப்பமுள்ள பிறரும் வரலாம்.